எல்லாரும் என்றால் யார் யார்

என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் அதிகமாகப் புழங்கும் சொல் எது என்று யாராவது போட்டி வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு போய்ப் பரிசை வாங்கி வந்துவிடுவேன். ‘எல்லாரும்.’ எல்லாரும் எழுந்து நில்லுங்க. எல்லாரும் புத்தகத்த எடுங்க. எல்லாரும் வாயில விரல் வைங்க. காலையில் சபைகூடலில் மைக்கைத் தட்டிப் பார்த்துத் தொடங்கினால், மத்தியானம் மணி அடிக்கும்வரை அந்தச் சொல்லுக்கு மூச்சுவிட நேரமில்லை. மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே கேட்கும். பள்ளி அடுத்த தெருவில்தான் இருக்கிறது.

அந்தச் சொல்தான் என் மகளுக்கு ஆகாது. அர்த்தம் தெரியாமல் இல்லை. “எல்லாரும்னா யாரு பாப்பா?” என்று கேட்டால், “நெறைய பேரு” என்று சரியாகவே சொல்லுவாள். அந்த நிறைய பேரில் தானும் ஒருத்தி என்பது மட்டும் அவளுக்கு உறைக்காது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வருவாள், எழுதுவாள், வாய்ப்பாடு ஒப்பிப்பாள். ‘எல்லாரும்’ என்றால் அது வேறு யாருக்கோ வந்த செய்தி. தன் பாட்டுக்கு அழிப்பானை மேசையில் உருட்டிக்கொண்டிருப்பாள்.

இது எங்களுக்கே முதலில் விளங்கவில்லை. காது கேட்கிறதா பாருங்கள் என்றார்கள் சொந்தக்காரர்கள். பார்த்தோம், நன்றாகக் கேட்கிறது. எனக்கு அது முன்பே தெரியும். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் எங்கோ மூலையில் ஹார்ன் அடித்தாலே வாசலில் போய் நிற்கிற பிள்ளை. அடுத்து, “எங்க சித்தப்பா மகன் அஞ்சு வயசு வரைக்கும் வாயே தொறக்கல, இப்ப லாயரு” என்ற கதை. இந்தக் கதை இல்லாத ஒரு தமிழ்க் குடும்பத்தை நான் இதுவரை இந்த நாட்டில் பார்த்ததில்லை. நமக்குள் இத்தனை வக்கீல்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கடைசியில் கொமுட்டர் ரயிலேறி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். பூக்கடைகளும் சேலைக் கடைகளும் தாண்டி, ஒரு மாடியில் பிள்ளைகளுக்கான தெரப்பி நிலையம். அங்கிருந்த பெண் என்னைவிட இளையவள். மகளோடு தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கினாள், பேசினாள், பேசாமல் இருந்தாள், சில வாரம் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். ஆட்டிசம், லேசானது என்றார்கள். நான் அழுதேன். அதை ஏன் மறைக்க வேண்டும்? ஒரு முழு டிஷ்யூ டப்பாவைக் காலி பண்ணினேன். அந்தப் பெண் நான் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு சொன்னாள்.

“ஸ்கூல்ல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. எல்லாருக்கும் சொல்றத அவ தனக்குச் சொல்றதா எடுத்துக்க மாட்டா. அதனால மொதல்ல பேரச் சொல்லணும். அவ திரும்பிப் பாக்கணும். அப்புறம்தான் விஷயத்தச் சொல்லணும். இப்போதைக்கு அவ்ளோதான். சாதாரண வகுப்புலயே படிச்சிருவா.”

திரும்பி வரும்போது ரயிலில் என் கணவர் முகம் தெளிந்திருந்தது. “பேரச் சொல்லிக் கூப்பிடணும், அவ்ளோதானே? சொன்னா செஞ்சிருவாங்க” என்றார். ரொம்ப நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு இப்படியெல்லாம் நம்பிக்கை வருவது சகஜம்.

முதலில் வகுப்பாசிரியையிடம் சொன்னேன். சொன்னேன் என்றால் வாயால் இல்லை. எங்கள் பள்ளியில் வாட்சாப்புக்குப் புலனம் என்று பேர். வகுப்புப் புலனக் குழு ஒன்று உண்டு. அதில் விடிகாலையில் ஒரு பூங்கொத்துப் படமும் ‘இனிய காலை வணக்கம் பெற்றோர்களே’யும் வரும். உடனே அத்தனை பெற்றோரும் வரிசையாகக் கும்பிடு போடுவார்கள். கோயிலில்கூட அவ்வளவு பக்தியைப் பார்க்க முடியாது. நான் குழுவில் போடாமல் ஆசிரியைக்குத் தனியாக எழுதினேன். பிள்ளைக்கு இப்படி இருக்கிறது, டாக்டர் கடிதம் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், வேறொன்றும் வேண்டாம், அவள் பேரை முதலில் சொல்லுங்கள் என்று. எழுதி, அழித்து, மறுபடி எழுதி, பணிவு கொஞ்சம் கூடுதலாகப் போட்டு அனுப்பினேன்.

பதில் வந்தது. ஒரு கட்டைவிரல்.

கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று நானும் கணவரும் ஒரு வாரம் ஆராய்ச்சி செய்தோம். சரி என்று அர்த்தமா, படித்தேன் என்று அர்த்தமா, இத்தோடு ஆளை விடு என்று அர்த்தமா? மகள்தான் விடை கொண்டுவந்தாள். “இன்னிக்கி நின்னேன்மா” என்றாள். விசாரித்தால் கதை இது. எல்லாரும் கணக்குப் புத்தகம் எடுங்க என்றாராம் ஆசிரியை. இவள் எடுக்கவில்லை. எடுக்காதவர்கள் பின்னால் போய் நிற்க வேண்டும். இவளைப் பேர் சொல்லிப் போய் நில் என்றதும் சமர்த்தாகப் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, சரி எல்லாரும் வந்து உட்காருங்க என்றாராம். மற்றப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். இவள் ஓய்வு நேர மணி அடிக்கும்வரை நின்றாள்.

திட்டுவதற்கு மட்டும் பேர் வாயில் வருகிறது பாருங்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றே போய்ச் சண்டை போட்டிருப்பேன். கணவர் வாசல் கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்துவிட்டார்.

பிறகு முறைப்படி தலைமையாசிரியரைப் பார்க்க அனுமதி கேட்டுப் போனோம். அறையில் கோப்பைகளும் கேடயங்களும் கண்ணாடி அலமாரி நிறைய இருந்தன. எங்களுக்குத் தே-ஓ என்கிற கடுந்தேநீர் வந்தது, கறிபாப் பலகாரம் வந்தது. வகுப்பாசிரியையும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். அவர் பந்திங்கிலிருந்து தினமும் காரோட்டி வருகிறவர். அந்த வகுப்பில் கத்திக் கத்தி அவர் தொண்டை மத்தியானத்துக்குள் கட்டிவிடும். அது எனக்கும் தெரியும். அதனால்தான் அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாமல் தவித்தேன்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தமிழ்ப்பள்ளியாயிற்றே என்று நல்ல தமிழில், “என் மகளுக்குச் சிறப்புத் தேவை இருக்கு சார்” என்றேன். அதுதான் நான் செய்த தவறு. தலைமையாசிரியர் முகம் மலர்ந்தது.

“நம்ம பள்ளியில எல்லாப் பிள்ளைங்களும் சிறப்புதாங்கம்மா.”

“அந்தச் சிறப்பு இல்ல சார்.”

“எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான். ஏழை, பணக்காரன், கெட்டிக்காரன், மெதுவாப் படிக்கிறவன், நாங்க பிரிச்சே பாக்கறதில்ல. இந்த நாக்காலியில உக்காந்த அன்னைக்கே நான் எடுத்த முடிவும்மா அது.”

நாற்காலியின் கைப்பிடியைத் தட்டியும் காட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, பேரைச் சொல்லி ஒருதடவை கூப்பிட்டால் போதும், வேறெந்தச் சலுகையும் வேண்டாம் என்றேன். அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது.

“ஒரு பிள்ள பேர மட்டும் சொன்னா மத்த பேரன்ட்ஸ் என்னம்மா நெனைப்பாங்க? என் பிள்ள பேர ஏன் சொல்லலன்னு நாளைக்கு இங்க வந்து நிப்பாங்க. பிஐபிஜி கூட்டத்துல கேள்வி வரும்.”

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேள்வி வருமாம். அந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க அவர்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுக்கிறார்கள். அங்கே கேள்வி வருமாம்.

ஆசிரியை அப்போதுதான் வாயைத் திறந்தார். “கிளாஸ்ல பேரச் சொன்னாலே திட்டப் போறோம்னு அர்த்தம் சார். மத்த பிள்ளைங்க சிரிப்பாங்க. அவ மனசு கஷ்டப்படும்.” என் மகள் மனசு கஷ்டப்படக் கூடாது என்பதற்காகத்தான் அவளை ஒரு பாடவேளை முழுக்க நிற்க வைத்திருக்கிறார்கள். இந்தக் கருணையை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது? கேட்கத்தான் வாயெடுத்தேன். கணவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

“போகப் போக சரியாயிடும்மா” என்று எழுந்து நின்றார் தலைமையாசிரியர். இந்தப் போகப் போக எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மேரு தாண்டிப் போக வேண்டுமா, டெங்கில் வழியாகத் திரும்ப வேண்டுமா? யாராவது வழி சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. எழுதினேன். ‘தங்கள் கருத்துக்கு நன்றி பெற்றோரே’ வந்தது. இன்னொருமுறை எழுதினேன். ‘கவனத்தில் கொள்ளப்படும் பெற்றோரே’ வந்தது. எனக்கு ஒரு பேர் இருக்கிறது என்பதையும் அவர்கள் கவனத்தில் கொண்டதாகத் தெரியவில்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே மரியாதைதான். அந்த வகையில் தலைமையாசிரியர் பொய் சொல்லவில்லை.

இப்படியே போயிருக்கும், போம்பா வராமல் இருந்திருந்தால்.

தீயணைப்புப் படையை இங்கே நாங்கள் போம்பா என்றுதான் சொல்லுவோம். பள்ளியில் தீ பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று ஒத்திகை நடத்த அவர்கள் வருவதாகப் புலனத்தில் அறிவிப்பு வந்திருந்தது. நான் கும்பிடு போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மேருவில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எனக்கு அலுவலக வேலை.

பத்தரை மணி வாக்கில் போன் அடித்தது. வகுப்பாசிரியை. அவர் குரலைப் போனில் கேட்பது அதுதான் முதல் தடவை. ‘பெற்றோரே’ இல்லை.

“அக்கா” என்றார். அதற்குமேல் அழுகைதான் கேட்டது.

“என்ன ஆச்சு டீச்சர்? சொல்லுங்க!”

“ஒண்ணும் ஆகலக்கா. பிள்ள நல்லா இருக்கு. என் பக்கத்துலதான் இருக்கு. நீங்க வரீங்களா?”

ஒன்றும் ஆகவில்லை என்று அழுதுகொண்டே ஒருத்தர் சொன்னால் யார் நம்புவார்கள்? தொழிற்சாலைச் சட்டையோடு அப்படியே ஓடினேன். மேருவிலிருந்து கிள்ளானுக்கு எப்படிக் காரோட்டினேன் என்று கேட்காதீர்கள், எத்தனை லோரிக்காரர்கள் என்னைத் திட்டினார்கள் என்றும் கேட்காதீர்கள்.

ஆசிரியை பள்ளி வாசலிலேயே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடந்ததை அவரே சொன்னார். மணி அடித்திருக்கிறது. “எல்லாரும் வரிசையா வெளிய வாங்க” என்று சொல்லி, முன்னால் நடந்து, பிள்ளைகளைத் திடலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். திடலில் அத்தனை வகுப்பும் நின்றது. தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் கேட்டாராம்.

“எல்லாரும் இருக்கீங்களா?”

“இருக்கோம் சார்!” என்று பள்ளிக்கூடமே ஒரே குரலில் கத்தியதாம்.

நம் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வணக்கம் ஐயா, நன்றி ஐயா, புரிகிறது ஐயா என்று ராகம் போட்டே வளர்ந்தவர்கள். புரியாவிட்டாலும் புரிகிறது ஐயா வரும். ஆள் இல்லாவிட்டாலும் இருக்கோம் வரும்.

அவர்கள் இருக்கோம் என்று கத்திய அந்த நேரத்தில், என் மகள் மாடி வகுப்பறையில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மணிச் சத்தம் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. காலி வகுப்பறைகளைப் பார்த்துக்கொண்டே வந்த போம்பாக்காரர் ஒருவர்தான் அவளைக் கண்டிருக்கிறார். ஏன் பாப்பா வெளியே போகவில்லை என்று மலாயில் கேட்டிருக்கிறார்.

“சிக்கு தா பாங்கில்” என்றாளாம். டீச்சர் கூப்பிடல.

அவர் அவளைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு திடலுக்கு வந்தபோது எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், ஒத்திகை வெற்றி என்று.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு இறுக்கிப் பிடித்தால் பிடிக்காது. நெளிந்தாள். நான் விடவில்லை. நிஜத் தீயாக இருந்திருந்தால் என்ற ஒரே நினைப்புதான் மண்டைக்குள் சுற்றியது. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேரைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்பாள். கீழே எல்லாரும் இருக்கோம் என்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பைக்குள் போன் சிணுங்கியது. பள்ளியின் பொதுப் புலனக் குழுவில் தலைமையாசிரியர் படங்களோடு போட்டிருந்தார்: ‘எல்லாரும் பாதுகாப்பாக வெளியேறினர். ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.’ கீழே கும்பிடுகளும் வாழ்த்துகளும் வரிசைகட்டத் தொடங்கியிருந்தன. நானும் எழுதினேன். ‘என் மகள் வெளியேறவில்லை சார். உங்கள் எல்லாரில் ஒரு ஆள் குறைந்தது.’ அத்தோடு கும்பிடு நின்றது. அந்தக் குழு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அறைக்குள் போனேன். இந்தத் தடவை அனுமதி கேட்கவில்லை, என் காலை மிதிக்கவும் பக்கத்தில் ஆளில்லை. ஆசிரியையும் மகளோடு பின்னால் வந்தார். தலைமையாசிரியர் பதறித்தான் இருந்தார். ஆனாலும் பழக்கம் விடுமா? குனிந்து மகளிடம் சிரித்த முகமாகக் கேட்டார்.

“ஏன்மா, டீச்சர் எல்லாரையும் கூப்பிட்டாங்கதானே?”

“ஆமா” என்றாள் மகள்.

“அப்ப நீ ஏன் வரல?”

“எல்லாரையும்தான் கூப்பிட்டாங்க. என்னக் கூப்பிடல.”

அவர் சிரிக்கப் பார்த்தார். ஆசிரியை சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“சார்” என்றேன். “நான் வேல செய்யிற இடத்துல அட்டப்பெட்டிதான் செய்யிறோம். அங்கயும் போம்பா ஒத்திகை நடக்கும். சூப்பர்வைசர் ஒவ்வொருத்தர் பேரா வாசிப்பாரு. நேத்து பங்களாதேஷ்லருந்து வந்த தம்பி பேரயும் தப்புத்தப்பாவாச்சும் வாசிப்பாரு. அவன் ‘யெஸ்’னு சொல்ற வரைக்கும் யாரும் நகர முடியாது. அட்டப்பெட்டிக்கே அப்படி சார். இங்க இருக்கறது பிள்ளைங்க. ஒங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான், ஒத்துக்கறேன். எனக்கு இவ ஒருத்திதான் எல்லாரும்.”

கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். வெளியே அலுவலகத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் கேடயங்களைப் பார்த்தார். பிறகு, “ஒக்காருங்கம்மா” என்றார். கறிபாப் வரவில்லை.

போம்பாக்காரர்கள் ஒத்திகையை இன்னொருமுறை நடத்தச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த மாதம் வைத்தார்கள். இதற்கிடையில் சபைகூடலில் தலைமையாசிரியர், நமது பள்ளி ‘பெயர் அழைப்பு முறை’ என்ற புதுமுயற்சியைத் தொடங்கியிருப்பதாக அறிவித்தார். அது தனக்கு எப்படித் தோன்றியது என்றும் விளக்கினார். மற்றப் பெற்றோர் யாரும் சண்டைக்கு வரவில்லை. பிஐபிஜியில் கேள்வியும் வரவில்லை, நாசி லெமாக் மட்டும் வழக்கம்போல் தீர்ந்தது. கண்டுபிடித்தவர் அவராகவே இருந்துவிட்டுப் போகட்டும். நடந்தால் சரி என்று நான் வாயை மூடிக்கொண்டேன். என் கணவருக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

இரண்டாம் ஒத்திகைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். உதவிக்கு வந்த பெற்றோர் என்று என் கையில் தண்ணீர்ப் போத்தல் பெட்டியைக் கொடுத்துத் திடலோரம் நிற்க வைத்தார்கள். மணி அடித்தது. சகிக்க முடியாத சத்தம், எனக்கே காதைப் பொத்தத் தோன்றியது. ஒவ்வொரு வகுப்பாக வந்து வரிசையில் நின்றது. மகளின் வகுப்பைக் காணோம். மாடிப் படியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது மேலேயிருந்து, கட்டிய தொண்டையோடு, அத்தனை சத்தத்துக்கும் மேலாக ஒரு குரல் கேட்டது. என் மகளின் பேர். ஒருதடவை. பிறகு சும்மா இருந்தது. திரும்பிப் பார்ப்பதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பிறகு, “வா” என்றது.

பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். கடைசியாக ஆசிரியை, அவருக்கு முன்னால் காதைப் பொத்திக்கொண்டு என் மகள். என்னைப் பார்த்தாள். நான் பேர் சொல்லிக் கூப்பிடாததால் அவள் பாட்டுக்கு வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

தலைமையாசிரியர் ஒலிபெருக்கியை எடுக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, வைத்துவிட்டு ஆசிரியையிடமே வந்தார்.

“எல்லாரும் வந்தாச்சா டீச்சர்?”

“அவ வந்துட்டா சார்.”

“நான் எல்லாரையும் கேட்டேன்.”

“அதத்தான் சார் சொல்றேன்” என்றார் ஆசிரியை.